பல்லும் மூளையும்



பல் போனால் சொல் போகும் என்பது நம் பழமொழி. பல்லின் வேரைப் பற்றும் நோய் அறிவையும் போக்கிவிடுமோ என்று மேனாட்டு மருத்துவர்கள் நெடுங்காலமாக ஐயுற்று வந்திருக்கிறார்கள். அந்த ஐயத்தின் வரலாற்றைத்தான் இன்று உங்களுக்குச் சொல்ல விரும்புகிறேன்.

ஹாலந்து நாட்டின் டெல்ஃப்ட் நகரத்துத் துணி வணிகர் லீவன்ஹூக், தாமே செய்த நுண்பெருக்கியால் தம் பல்லில் படிந்திருந்த அழுக்கை ஆராய்ந்தார். அதில் எண்ணற்ற சிற்றுயிர்கள் துள்ளித் திரிவதைக் கண்டு, 1683இல் லண்டன் ராயல் சங்கத்திற்குக் கடிதம் எழுதினார். அவை நோய் செய்யுமா என்ற கேள்வி அப்பொழுது எழவில்லை. இருநூறு ஆண்டுகளுக்குப் பின், பெர்லினில் பணியாற்றிய அமெரிக்கப் பல் மருத்துவர் மில்லர், வாய்க் கிருமிகளைப் பற்றி 1890இல் நூலொன்று வெளியிட்டார். வாயில் குடிகொண்ட கிருமிகள் உடலின் பிற உறுப்புகளையும் கெடுக்கக்கூடும் என்று அடுத்த ஆண்டே எழுதினார். இங்கிலாந்து மருத்துவர் வில்லியம் ஹண்டரும் இக்கருத்தைப் பரப்பினார்.

ஐயம் என்ற அளவில் அது நல்லதே. ஆனால் ஐயத்தையே முடிவாகக் கொண்டால் என்ன நேரும்? அமெரிக்காவில் நியூஜெர்சி மாநிலத்தின் டிரென்டன் மனநோய் மருத்துவமனைக்கு 1907இல் தலைவரானவர் ஹென்றி காட்டன். பைத்தியத்திற்குக் காரணம் உடலில் மறைந்திருக்கும் கிருமிகளே என்று அவர் உறுதியாக நம்பினார். நோயாளிகளின் பற்களைப் பிடுங்கினார்; குணமாகாவிடில் தொண்டைச் சதையை எடுத்தார்; பிறகு பெருங்குடலையும் அறுத்தார். நூற்றுக்கு எண்பத்தைந்து பேர் குணமடைந்ததாக முழங்கினார். குடல் அறுவைக்கு உட்பட்டவர்களில் பத்துக்கு மூவர் மாண்டனர் என்பதோ அவரே ஒப்புக்கொண்ட கணக்கு! அவர் வஞ்சகர் அல்லர்; தம் பிள்ளைகளின் பற்களையும் பிடுங்கச் செய்தவர். அதனால்தான் அவர் கதை என்னை அச்சுறுத்துகிறது. ஃபில்லிஸ் கிரீனேக்கர் என்ற மருத்துவப் பெண்மணி 1924இல் தொடங்கி நோயாளிகளை ஒவ்வொருவராக ஆராய்ந்து, அந்தக் கணக்கு பொய்க்கணக்கு என்று காட்டினார். அவருடைய அறிக்கையோ வெளியிடப்படாமல் முடங்கிற்று. காட்டன் 1933இல் இறந்தார்.

பின்னர் அக்கொள்கை இகழ்ச்சிக்குள்ளாயிற்று. ஆயினும் கேள்வி சாகவில்லை. பயோரியா என்று நாம் சொல்லும் ஈறு நோயில் பெரும்பங்கு கொள்வது போர்ஃபைரோமோனாஸ் ஜிஞ்சிவாலிஸ் என்னும் பாக்டீரியா. இது காற்றில்லா இடத்தில், பல்லுக்கும் ஈறுக்கும் நடுவே வளர்ந்து, புரதங்களைச் சிதைக்கும் நொதிகளைச் சுரக்கிறது. புண்பட்ட ஈறு வழியாகக் கிருமிகள் இரத்தத்தில் கலக்கலாம். அழற்சியைத் தூண்டும் பொருள்களும் பரவலாம். அவை மூளையின் காவல் அணுக்களைக் கிளர்ச்சியுறச் செய்தால், அங்கும் அழற்சி உண்டாகும் என்பது விஞ்ஞானிகளின் கருத்து. மறதியைத் தரும் அல்சைமர் நோயால் இறந்தவர்களின் மூளைகளில் அந்நொதிகளைக் கண்டதாக 2019இல் ஓர் ஆராய்ச்சிக் குழு அறிவித்தது. வாயில் இக்கிருமி புகட்டப்பட்ட எலிகளின் மூளையிலும் அதன் தடயம் காணப்பட்டது.

இம்முறை யாரும் பற்களைப் பிடுங்க ஓடவில்லை. அந்நொதியைத் தடுக்கும் மருந்தொன்றை, 643 நோயாளிகளைப் பிரித்து, சிலருக்கு மருந்தும் சிலருக்குப் போலி மருந்தும் கொடுத்துச் சோதித்தார்கள். மருந்து நோயின் போக்கைத் தடுக்கவில்லை என்ற முடிவு 2021இல் வெளிவந்தது. அந்த முடிவு மறைக்கப்படவில்லை. ஈறு நோய் மறதியை உண்டாக்குகிறதா, அல்லது மறதியுற்றவர் பல் துலக்க மறப்பதால் ஈறு கெடுகிறதா என்பது இன்னும் தீரவில்லை.

மாணவர்களே, காட்டனுடைய ஐயம் தவறன்று. சோதிக்க மறுத்ததே தவறு. காலையும் இரவும் பல்லைத் துலக்குங்கள். ஈறில் இரத்தம் கசிந்தால் மருத்துவரிடம் காட்டுங்கள். பல்லைக் காப்பதற்கு அதுவே போதிய காரணம். அறிவைக் காப்பதற்கோ, நாம் விரும்பி நம்பும் கருத்தையே முதலில் சோதிக்கும் பழக்கம் வேண்டும்.