தோட்டத்துத் துப்பாக்கியும் அதைச் செப்பனிட்ட கையும்

மலாக்காத் தோட்டங்களின் வரலாறு பெரும்பாலும் பால்வெட்டுக் கத்தியையும் கங்காணியையும் கள்ளுக்கடையையும் சுற்றியே எழுதப்பட்டுள்ளது. 1896இல் புக்கிட் லிந்தாங்கில் டான் சாய் யான் இரப்பரை வணிகப் பயிராக நட்டார். அன்று தொடங்கிய தோட்டங்கள் காட்டை ஒட்டியவை; காட்டுப்பன்றி கன்றுகளைச் சிதைத்தது. எனவே துப்பாக்கியும் அந்நிலத்தின் கருவிகளுள் ஒன்றாயிற்று. இன்று விமான நிலையத்தாலும் தொழிற்பேட்டையாலும் அறியப்படும் பத்து பெரண்டாம் வட்டாரத்தின் பழமையை ஆராய்வோர் இதனையும் கருத்திற்கொள்ளல் வேண்டும்.

மடக்கித் தோட்டா இடும் இவ்வகைத் துப்பாக்கியை மலாயர் 'செனாப்பாங் பாத்தா' என்பர். 'பாத்தா' என்றால் முறிந்தது. 'செனாப்பாங்' என்பதோ 'ஸ்னாப்ஹான்' என்னும் டச்சுச் சொல்லின் திரிபு. டச்சுக்காரர் 1641இல் கைப்பற்றிய மலாக்காவில் அச்சொல் இன்னும் வழங்குவது சுவையான செய்தியே.

மலிவான பழைய துப்பாக்கியில் முதலில் தேய்வது குழல் மடங்கும் கீலாணி. அது தேய்ந்தால் குழலுக்கும் பின்தட்டுக்குமிடையே இடைவெளி விழும். தோட்டாவின் அடிப்பகுதி தாங்கலின்றி நிற்கும். சுடுபவரின் முகம் அங்கிருந்து ஒரு சாண் தொலைவிலேயே உள்ளது. அரைகுறைப் பணியாளர் தகரத் துண்டொன்றைச் செருகி ஆட்டத்தை மறைத்துவிடுவார். சில நாளில் அது மீண்டும் ஆடும். தேர்ந்த கம்மியரோ பருமன் கூடிய புதிய ஆணியைக் கடைந்து இடுவார். விளக்குப் புகைக்கரியைப் பின்தட்டில் பூசிக் குழலை மூடித் திறந்து, கரி ஒட்டிய மேட்டை மட்டும் அரத்தால் சிறிது சிறிதாக நீக்குவார். கரி எங்கும் சீராகப் படியும் வரை இப்பணி தொடரும். இதற்கான கூலி துப்பாக்கியின் விலையையே விஞ்சக்கூடும்.

தோட்டப் பட்டறைக் கொல்லருக்கு அரமும் உலையும் புதியன அல்ல. எனினும் 1948 சூன் 18இல் மலாயா முழுமைக்கும் அவசரகாலம் விரிவாக்கப்பட்டபின், உரிமமற்ற துப்பாக்கி உயிரையே கேட்கும் பொருளாயிற்று. தொழிற்சங்கத் தலைவர் எஸ். ஏ. கணபதி கைத்துப்பாக்கி வைத்திருந்த குற்றத்திற்காக 1949 மே 4இல் பூடு சிறையில் தூக்கிலிடப்பட்டார். தோட்ட மக்களின் தலைவருக்கே இந்நிலை எனில், அயலார் துப்பாக்கியைப் பட்டறைக்குள் வாங்க எந்தக் கொல்லர் துணிவார்? 1960ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டம் பழுதுபார்க்கும் தொழிலுக்கும் உரிமத்தைக் கட்டாயமாக்கியது. துப்பாக்கியின் உறுப்பையும் ஆயுதமென்றே வகுத்தது. 1971ஆம் ஆண்டுச் சட்டம் தண்டனைகளை மேலும் கடுமையாக்கியது. கைத்திறன் இருந்தும் தோட்டக் கொல்லர் இத்தொழிலிலிருந்து விலகி நின்றமைக்குச் சட்டமே தலையாய காரணம் என்பது என் கருத்து.

பழைய துப்பாக்கியொன்று ஆய்வாளர் பார்வைக்குக் கிடைக்குமாயின், குழலின் அடியிலுள்ள சோதனை முத்திரைகளோடு நின்றுவிடலாகாது. அவை துப்பாக்கி சோதிக்கப்பட்ட நாட்டைக் கூறும். கீலாணியையும் பின்தட்டின் அரத்தடங்களையும், பிடியின் ஒடுங்கிய பகுதியில் விரிசலை இறுக்கிய பித்தளைத் திருகையும் பதிவுசெய்தல் வேண்டும். அத்துப்பாக்கி இந்நாட்டில் எத்தகைய கைகளில் பழகியது என்பதற்கு அவையே சான்று.