வாளின் நுனிக்கு எண்ணெய்: சித்தூர் எல்லையிலிருந்து ஒரு கருவி வரலாறு

மரமறுக்கும் கருவிகளின் வரலாறு பெரும்பாலும் பற்களின் வரலாறாகவோ, அவற்றை இயக்கிய விசையின் வரலாறாகவோ எழுதப்படுகிறது. கைவாள், நீராவி, மின்சாரம், பெட்ரோல் என்று ஒரு நேர்கோடு வரையப்படும். அக்கோட்டில் இடம்பெறாத ஒரு பொருள் எண்ணெய். எண்ணெயைப் பின்தொடர்ந்து சென்றால் வேறொரு வரலாறு தெரிகிறது. எந்திரம் ஏற்றுக்கொண்டதாக நாம் கருதும் ஒரு வேலை, மரம் பெரிதானதும் மனிதக் கைக்கே திரும்பி வந்த வரலாறு அது.

சொற்களிலிருந்து தொடங்கலாம். சித்தூர் மாவட்டம் 1911இல் வட ஆர்க்காடு, கடப்பை மாவட்டப் பகுதிகளைச் சேர்த்து உருவாக்கப்பட்டது. 1953இல் ஆந்திர மாநிலம் அமையும்வரை சென்னையோடு இருந்தது. 2022இல் அதிலிருந்து திருப்பதி தனி மாவட்டமாயிற்று. நிர்வாக எல்லை மாறிக்கொண்டே இருந்த இந்நிலத்தில் தொழிற்சொற்கள் இரு மொழிகளுக்குமிடையே தடையின்றி நடமாடின. இன்று தமிழில் வழங்கும் 'ரம்பம்' தெலுங்கின் 'ரம்பமு'. பழைய தமிழ்ச்சொல் 'ஈர்வாள்'. மலையாளம் அதை 'ஈர்ச்சவாள்' என்று இன்றும் காத்து வருகிறது. கன்னடத்தின் 'கரகச' வடமொழிக் 'கிரகச'த்தின் திரிபு. கருவிக்கு நான்கு மொழிகளும் வெவ்வேறு வழிகளில் பெயரிட்டன. எண்ணெய்க்கோ தமிழும் தெலுங்கும் ஒரே வழியில் பெயரிட்டன: எள் + நெய் எண்ணெய், நுவ்வு + நெய் நூனெ.

ஈர்தல் என்பது மரத்தை அதன் நார்ப்போக்கில் நெடுக்காக அறுப்பது. எந்திரம் வருமுன் இதற்கு இருவர் தேவைப்பட்டனர். உயர்த்தி நிறுத்திய மரத்தின்மேல் ஒருவரும் கீழே ஒருவரும் நின்று நீண்ட வாளை மாறி மாறி இழுப்பர். அறுத்த பிளவு இறுகி வாளைக் கவ்வாதிருக்க அதில் ஆப்பு செருகப்படும். பஞ்சதந்திரத்தில் ஆப்பை அசைத்து மாண்ட குரங்கு, கோயில் கட்டுமிடத்தில் தச்சர் பாதி பிளந்து விட்டுச்சென்ற மரத்தின்மீது அமர்ந்ததுதான். ஆப்பு பிளவைத் திறந்து வைத்தது. பிசினும் வெப்பமும் வாளைப் பிடிக்காமல் காத்தது எண்ணெய்த் துணி. வாளை நிறுத்தித் துடைக்கும் அந்த இடைவேளை உழைப்பவருக்கு மூச்சு வாங்கும் நேரமாகவும் இருந்தது. எண்ணெயின் அளவை முடிவு செய்தது கை. எப்போது என்பதை முடிவு செய்தது வாளின் கனம்.

சங்கிலி ரம்பம் இந்த இடைவேளையை நீக்கியது. ஜெர்மனியில் 1926இல் ஆந்திரேயாஸ் ஸ்டீல் மின்சாரத்தால் இயங்கும் ரம்பத்தையும், 1927இல் டோல்மார் நிறுவனம் பெட்ரோல் ரம்பத்தையும் உருவாக்கின. மரத்தைத் துளைக்கும் வண்டின் புழுவைக் கவனித்த ஜோசப் காக்ஸ் 1940களின் பிற்பகுதியில் இன்றைய சங்கிலிப் பல்லின் வடிவைத் தந்தார். தொடக்ககால ரம்பங்கள் பலவற்றில் எண்ணெயைக் கட்டைவிரலால் அழுத்திச் செலுத்த வேண்டியிருந்தது. பின்னர் எந்திரமே செலுத்தும் பம்பு வந்தது. எண்ணெயிடும் கை மறைந்துவிட்டதாகத் தோன்றியது.

மறையவில்லை என்பதைப் பலகை அறுப்பு காட்டுகிறது. சங்கிலி பாரின் மேல்விளிம்பில் நுனியை நோக்கி ஓடி, அங்கே திரும்பி, கீழ்விளிம்பில் மரத்தை அறுத்தபடி எஞ்சினை அடைகிறது. எண்ணெய் சொட்டுவதோ எஞ்சினருகே. ஆகவே அறுக்கும் விளிம்பைச் சேருமுன் அது பாரின் முழு நீளத்தையும் கடக்க வேண்டும். சங்கிலியின் வேகம் நொடிக்கு ஏறத்தாழ 20 மீட்டர். நுனி வளைவில் எண்ணெயின் ஒரு பகுதி வெளியே சிதறுகிறது. எஞ்சியதை மரத்தூள் உறிஞ்சிச் செல்கிறது. சிறு பாரால் கிளையைத் துண்டாக்கும்போது இக்குறை தெரியாது. மூன்றடிக்கு மேற்பட்ட பாரை முதிர்ந்த மாமரத்தின் நெடுக்கே செலுத்தும்போது, அறுப்பு பல நிமிடம் இடைவிடாது நீள்கிறது. நுனி வறள்கிறது; சங்கிலி சூட்டில் நீண்டு தளர்கிறது; பாரின் விளிம்பு நீலம் பாய்கிறது.

இதற்குக் கண்ட தீர்வு மிக எளியது: நுனியருகே ஒரு புட்டி, ஒரு திருகு, ஒரு மெல்லிய குழாய். எண்ணெய் தன் எடையால் சொட்டும். மிக நீண்ட பார்களில் நுனியில் கைப்பிடி பொருத்தி இன்னொருவர் எதிர்ப்பக்கம் பிடித்து நடப்பதும் உண்டு. திருகைத் திறப்பது, சொட்டின் வேகத்தைக் கணிப்பது, மூடுவது ஆகியன பெரும்பாலும் அவர் பொறுப்பு. ஈர்வாளின் இரண்டாம் ஆள் திரும்பி வந்துவிட்டார். கூலிக்கணக்கில் அவருக்குப் பெயர் 'உதவியாள்'.

அவர் கையில் எது சொட்டுகிறது என்பது இவ்வரலாற்றின் இன்றைய கேள்வி. ரம்பத்தின் எண்ணெய் சுழன்று திரும்புவதில்லை. முழுவதும் மண்ணிலும் தூளிலும் மனிதத் தோலிலும் சேர்கிறது. விலை கருதிப் பழைய எஞ்சின் எண்ணெயை ஊற்றும் வழக்கம் பல நாடுகளில் உண்டு. அதில் எரிதலின்போது உருவாகும் பலவளைய ஹைட்ரோகார்பன்களுள் சில புற்றுநோய் விளைவிப்பவை. ஐரோப்பாவில் கடுகினத் தாவர எண்ணெய்கள் இதற்கு மாற்றாயின. நிலக்கடலை விளையும் சித்தூருக்குத் தாவர எண்ணெய் அயலான பொருளன்று. விளக்கெண்ணெயில் வைக்கோல் கரியைக் குழைத்து வண்டி மை செய்து அச்சுக்கு இட்ட மரபு நம்முடையது. உராய்வுக்கு எவ்வளவு பசை வேண்டும் என்ற அறிவு அந்த மையில் இருந்தது. எல்லா எண்ணெயும் பொருந்தாது. ஆளி எண்ணெய் போன்றவை காற்றில் உலர்ந்து பாரின் பள்ளத்தை அடைத்துவிடும். எது உலரும், எது உலராது என்பதைப் பயன்பாட்டால் அறிந்த சமூகம் அதை மறப்பது வெறும் ஏக்கத்துக்குரிய செய்தியாகாது. தொழிலாளர் உடல்நலம் சார்ந்த இழப்பு.

தொழில்நுட்ப வரலாற்றை எழுதுவோர் கருவியின் பெயரோடு நிறுத்திவிடுகிறோம். அதைப் பேணும் செயல்களுக்கான வினைச்சொற்களையும் திரட்டினால்தான் அச்செயலைச் செய்தவர் வரலாற்றுக்குள் வருவார். திருத்தணி, நகரி, புத்தூர், சித்தூர்ப் பக்கத்து மரத்தொழிலாளர் வழக்கில் வாளுக்கு எண்ணெயிடுதல், பல் தீட்டுதல், ஆப்பு செருகுதல் ஆகியவற்றைக் குறிக்கும் சொற்களை அறிந்த நண்பர்கள், தமிழோ தெலுங்கோ, ஊர்ப்பெயருடன் இப்பதிவின்கீழ் எழுதுங்கள்.