பாம்பு, எலி, இருளர்: ஒரு தன்னொழுங்கின் வரலாறு

வயலில் எலி பெருகினால் பாம்புக்கு இரை மிகும்; பாம்பு பெருகும். அதனால் எலி குறையும். இரை குறைந்தபின் பாம்பும் குறையும். விளைவு திரும்பி வந்து தன் காரணத்தையே திருத்தும் இந்தச் சுற்றை அமைப்புக் கோட்பாட்டில் 'எதிர்மறைப் பின்னூட்டம்' என்பர். இரைக்கும் இரைகொல்லிக்கும் உள்ள உறவை லோட்கா 1925-லும் வோல்ட்டெரா 1926-லும் தனித்தனியே சமன்பாடுகளாக எழுதினர். பின்னூட்டம் எந்திரத்துக்கும் உயிருக்கும் பொதுவானது என 1948-ல் நார்பர்ட் வீனர் விளக்கினார்.

செங்கல்பட்டு வட்டாரத்தில் இச்சுற்றின் ஒரு கண்ணியாக இருளர்களும் இருந்தனர். வளை தோண்டி எலி பிடித்தனர். எலி சேர்த்து வைத்த நெல்லும் அவர்களுக்கு உணவாயிற்று. பாம்புத்தோல் வணிகம் பெருகியபோது இந்த உறவு திரிந்தது. எலியைத் தின்னும் சாரையும் நல்ல பாம்பும் தோலுக்காகப் பெருமளவில் கொல்லப்பட்டன. வயலில் எலி பெருகுவதால் தோல் விலை இறங்குவதில்லை. அதாவது, வயலின் பின்னூட்டம் சந்தைக்கு எட்டவில்லை.

1972-ல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. 1976-ல் பாம்புத்தோல் ஏற்றுமதி தடைசெய்யப்பட்டது. பாம்புக்குக் காப்பு கிடைத்தது. இருளரின் பிழைப்போ அறுந்தது.

கிண்டிப் பாம்புப் பண்ணையை நிறுவிய ரோமுலஸ் விட்டேக்கர் இருளர்களோடு சேர்ந்து இதற்கு ஒரு வழி கண்டார். 1978-ல் இருளர் பாம்பு பிடிப்போர் தொழிற் கூட்டுறவுச் சங்கம் உருவானது. அது வடநெம்மேலியில் இயங்குகிறது. நல்ல பாம்பு, கட்டுவிரியன், கண்ணாடிவிரியன், சுருட்டைவிரியன் ஆகியவற்றை இருளர்கள் உயிருடன் பிடிக்கின்றனர். சில வாரங்கள் வைத்து நஞ்செடுத்தபின் அவற்றை விட்டுவிடுகின்றனர். அந்த நஞ்சிலிருந்தே பாம்புக்கடிக்கான முறிவு மருந்து தயாராகிறது. முன்பு பாம்பு செத்தால்தான் வருமானம். இப்போது அது உயிரோடிருந்தால்தான் வருமானம். பிழைப்பும் பாம்பும் மீண்டும் ஒரே சுற்றுக்குள் வந்தன.

அமெரிக்காவின் புளோரிடாவில் நிலைமை வேறு. வெளியிலிருந்து வந்த பர்மிய மலைப்பாம்பை அங்கே கட்டுப்படுத்தும் இயற்கை எதிரிகள் மிகக் குறைவு. அதனால் நடுத்தர அளவுள்ள பாலூட்டிகள் அருகின. 2017-ல் மாசி சடையன், வடிவேல் கோபால் என்ற இரு இருளர்கள் அங்கு அழைக்கப்பட்டனர்; முதல் எட்டு நாளில் 13 மலைப்பாம்புகளைப் பிடித்தனர். 2023-ல் இருவருக்கும் பத்மஸ்ரீ விருது அறிவிக்கப்பட்டது.

தன்னொழுங்கு தனி உயிர் எதனுள்ளும் இல்லை. உயிர்களுக்கிடையிலான உறவில் இருக்கிறது. ஓர் உயிரைக் காக்க இயற்றும் சட்டம், அதைச் சார்ந்து வாழும் மனிதரையும் கணக்கில் கொண்டால்தான் நிலைக்கும்.