முள்வேலியும் அரிசியும்

மலாக்கா மாநிலத்தில் டுரியான் துங்காலைச் சுற்றியும் அதற்கப்பால் மச்சாப் பக்கத்திலும் காணப்படும் சீனப் புதுக்கம்பங்களை, மக்கள் தாமே மனமுவந்து அமைத்துக்கொண்ட குடியிருப்புகள் என்று இன்றைய தலைமுறை எண்ணிவிடக் கூடும். உண்மை அதுவன்று. உலகப் பொருளாதார மந்தத்திலும் ஜப்பானியர் ஆட்சியிலும் பிழைப்பிழந்து, காட்டோரத்தில் மரவள்ளியும் காய்கறியும் பயிரிட்டு, பன்றி வளர்த்து, பட்டா ஏதுமின்றி ஜீவனம் செய்துவந்த சீனர்களை, 1948 ஜூனில் அவசரகாலம் பிரகடனமான பிறகு, காட்டிலிருந்த கம்யூனிஸ்டுகளுக்குச் சோறும் சேதியும் இவர்கள் வழியாகவே போகின்றன என்று கருதிய ஆங்கில சர்க்கார், 1950-இல் வகுத்த பிரிக்ஸ் திட்டத்தின்படி, ஏறக்குறைய 5 லட்சம் பேரை முள்கம்பிக்குள் கொண்டுவந்து குடியேற்றிற்று. நம் தமிழரும் தப்பவில்லை; சிதறிக் கிடந்த தோட்டத்து லயங்களும் ஒருசேரக் கூட்டப்பட்டு வேலியிடப்பட்டன.

அந்த வேலியின் வாசலில்தான் அக்காலத்துச் சாமானியர் வாழ்க்கையின் முழு விசித்திரத்தையும் காணலாம். ரப்பர் மரத்தை விடியுமுன் வெட்டினால்தான் பால் தாராளமாக ஒழுகும் என்பதைச் சிறுபிள்ளையும் அறியும். ஊரடங்கோ விடிந்த பிறகே கதவைத் திறந்தது. வெட்டுக்குப் போகும் பெண்ணின் தண்ணீர்ப் போத்தலும் சைக்கிளின் இரும்புக் குழாயும்கூட ஒரு பிடி அரிசிக்காகச் சோதிக்கப்பட்டன. கடையில் வாங்கிய மீன் டின்னைக் கடைக்காரரே துளையிட்டுத் தரவேண்டும், காட்டுக்குப் போய்ச் சேருமுன் கெட்டுவிட வேண்டுமென்பதற்காக! 1953 செப்டம்பர் 3-இல், மலாயாவிலேயே முதன்முதலாக, மலாக்காவின் ஒரு பகுதிக்கு இக்கட்டுப்பாடுகளிலிருந்து விடுதலை கிடைத்தது.

சர்க்கார் தஸ்தாவேஜுகளில் இந்த ஜனங்கள் வெறும் எண்ணிக்கையே. அவர்களுக்கு முகமும் குரலும் தந்தவர்களுள், ஜொகூர் பாருவில் வைத்தியம் செய்துவந்த ஹான் சூயின் அம்மையார் முக்கியமானவர். 1956-இல் ஆங்கிலத்தில் வெளிவந்த 'அண்ட் த ரெயின் மை டிரிங்க்' என்னும் அவரது நாவலில், சரணடைந்து போலீசாருக்கு உளவு சொல்லும் ஆ மேய் போன்ற பாத்திரங்கள், எந்தப் பக்கம் நின்றாலும் மற்றப் பக்கத்துக்குத் துரோகியாகிவிடும் சங்கடத்தில் அகப்பட்டுத் தவிக்கின்றனர். இத்தனைக்கும் அம்மையாரின் கணவர் போலீஸ் ரகசியப் பிரிவில் அதிகாரி! தமிழில் அ. ரெங்கசாமியின் 'லங்காட் நதிக்கரை' அதே அவசரகாலத்தை நம்மவர் பக்கமிருந்து சொல்கிறது. இவ்விரு நூல்களையும் அடுத்தடுத்துப் படிப்பவருக்கு, பக்கத்துப் பக்கத்து வேலிகளுக்குள் வாழ்ந்தவர்கள் ஒருவரையொருவர் எவ்வளவு கொஞ்சமாக அறிந்திருந்தார்கள் என்பது விளங்கும் என்பது என் அபிப்பிராயம்.

வேலிக்கு அப்புறத்துக் கதையும் உண்டு. வாசலில் தடுக்கப்பட்ட அந்த அரிசி வந்து சேராமையால் காட்டில் ஒரு சிறு படை பட்டினியில் தேய்ந்து போவதை, காட்டுக் கம்யூனிஸ்டுகளுள் ஒருவராகவே வாழ்ந்த ஜின் ஷிமாங் 'பசி' என்ற பொருள்படும் தலைப்பில் சீன மொழியில் நாவலாக எழுதினார். 1960-இல் காட்டுக்குள்ளேயே சைக்ளோஸ்டைல் பிரதிகளாகச் சுற்றிய அந்நூல், பொதுவாசகர் கைக்கு அச்சுப் புத்தகமாக வந்தது 2008-இல்தான்.