ஹைதர் காலத்து நெல் கணக்கு

ஆபீஸ்ல யாரோ எப்பவோ எழுதி வச்சுட்டு வேலையை விட்டுப் போன புரோகிராமைத் திறந்தா, எங்க டீம்ல ஒரு டயலாக் தவறாம வரும். "இது ஹைதர் காலத்து கோடுடா!" நானே எத்தனையோ தடவை சொல்லியிருக்கேன். ஓட்டை சைக்கிள், தாத்தா வீட்டு ஃபேன், பழசான எதுவுமே நமக்கு ஹைதர் காலம்தான். ஆனா தஞ்சாவூர்ச் சீமையில அந்தப் பேருக்கு வேற அர்த்தம் இருந்திருக்குன்னு படிச்சதுல இருந்து அந்த ஜோக் எனக்கு வாயில வர மாட்டேங்குது. வயலெல்லாம் தரிசாக் கிடந்த, ஊரெல்லாம் காலியான சில வருஷங்களுக்கு ஜனங்க வச்ச பேரு அது.

எங்க ஊரு தா.பழூர். (இனிஷியல் வச்ச ஊருன்னு காலேஜ்ல ஓட்டுவானுங்க.) கொள்ளிடத்துக்கு வடகரை. மதனத்தூர் பாலம் ஏறி இறங்கினா நீலத்தநல்லூர், அப்படியே போனா கும்பகோணம். ஹைதர் காலத்தோட நடுமையம் அந்த எதிர்கரைதான்.

கதைச் சுருக்கம் இதுதான். 1780 ஜூலையில ஹைதர் அலி கர்நாடகத்துக்குள்ள இறங்குறார். 1781 ஜூலை 1ஆம் தேதி பரங்கிப்பேட்டையில அயர் கூட்கிட்ட தோக்குறார். 1782 பிப்ரவரியில கும்பகோணம் பக்கம் பிரெய்த்வெயிட்டோட படையை மகன் திப்பு சுத்தி வளைச்சுப் பிடிக்கிறார். அந்த டிசம்பர்ல ஹைதர் சாகிறார், 1784ல மங்களூர் உடன்படிக்கை. பத்தாங்கிளாஸ் புத்தகம் இதோட முடிஞ்சுடும். எனக்கு வேண்டியது அதுல இல்லாத வரி: 1780க்கும் 1782க்கும் நடுவுல தஞ்சாவூரோட விளைச்சல் சுமார் 90 சதவீதம் விழுந்துடுச்சுன்னு ஒரு மதிப்பீடு. பத்து கலம் அடிச்ச களத்துல ஒரு கலம்!

நம்ம புத்தி உடனே என்ன கேக்கும்? "எப்படிய்யா அளந்தீங்க?"

இன்னிக்கு உக்ரைன் கோதுமை வயலை சாட்டிலைட் படத்துலயே அளந்துடறாங்க. 1782ல இருந்தது மரக்காலும் கணக்குப்பிள்ளையும்தான். தஞ்சாவூர் நஞ்சையில அரசாங்கம் விளைச்சல்லயே பங்கு எடுத்துச்சு. அது மேல்வாரம், குடியானவனுக்கு மிச்சம் குடிவாரம். பங்கு பிரிக்கணும்னா மொத்தம் எவ்வளவுன்னு தெரியணும், அதனால கலக் கணக்கு எழுதினாங்க. ஆக, இது போர்ச் சேதத்தை அளக்கறதுக்காக எழுதின கணக்கே இல்ல. வரி வாங்குறதுக்காக எழுதினது, போரையும் சேர்த்துப் பதிஞ்சு வச்சிருக்கு. சர்வர்ல வேற எதுக்கோ எழுதுற லாக் ஃபைல், கிராஷ் ஆன நேரத்தையும் காட்டிக் கொடுக்குமே, அந்த மாதிரி.

லாக்கை அப்படியே நம்பவும் கூடாது. கணக்குல 90 சதவீதம் குறைஞ்சா வயல்லயும் 90 குறைஞ்சதுன்னு அர்த்தமில்ல. கணக்குப்பிள்ளை உசிருக்கு பயந்து ஓடியிருப்பார். குடியானவன் நெல்லைக் குழியில புதைச்சிருப்பான் (நானா இருந்தா அதைத்தான் செய்வேன்). ஒரு வருஷக் கணக்கை மட்டும் பார்த்தா விளைச்சல் செத்துச்சா, கணக்கு செத்துச்சான்னு பிரிக்க முடியாது.

பிரிக்க ஒரு வழி இருக்கு. அடுத்து வர்ற வருஷங்களைப் பார்க்கணும். வெறும் பதுக்கல்னா அமைதி வந்ததும் கணக்கு துள்ளி மேல வந்திருக்கணும். வரல. தஞ்சாவூர் பழைய நிலைக்கு எழுந்து நிக்க 19ஆம் நூற்றாண்டு தொடக்கம் வரைக்கும் ஆயிருக்கு. கிட்டத்தட்ட இருபது வருஷம்!

ஏன் அவ்வளவு வருஷம்? மாடுன்னு நினைக்கிறேன். பீரங்கியை இழுக்கவும், தானியத்தைச் சுமக்கவும், அறுத்துத் திங்கவும் படைக்கு மாடு வேணும். நெல்லு போனா ஒரு போகம் போச்சு. உழவு மாடு போனா ஏர் போச்சு, எரு போச்சு, கன்னு வளர்ந்து நுகத்தடிக்கு வர நாலு வருஷம் போச்சு. விதைநெல்லைத் தின்னுட்டா அடுத்த போகமும் காலி. வாய்க்கால் தூர்வார ஆள் இல்லாம மண்ணு ஏறிட்டா அதுக்கு அடுத்ததும். ஒரு பக் இன்னொண்ணைக் கிளப்பி விடற மாதிரி.

பட்டினி மெட்ராஸ் வரைக்கும் போச்சு. 1782ல பஞ்சத்துல அடிபட்டு வந்தவங்களுக்கு அங்க கஞ்சி ஊத்தின இடம்தான் மணியக்காரர் சத்திரம். அதோட வழியில வந்த ஸ்டான்லி ஆஸ்பத்திரியை வடசென்னை ஆளுங்க இன்னும் கஞ்சித்தொட்டி ஆஸ்பத்திரின்னுதான் சொல்வாங்க.

கஞ்சி ஊத்தணும்னா தலையை எண்ணணும். அந்த எண்ணிக்கை யார் கையில இருக்குங்கறதை நம்ம காலத்துலயே பார்த்தோம். 2009 தொடக்கத்துல வன்னியில சிக்கியிருக்கிறது 70,000 பேர்தான்னு இலங்கை அரசு சொல்லிச்சு. மே மாசம் முடிஞ்சப்ப முகாம்ல இருந்தது 2,80,000 பேர் சுமார். குறைச்ச எண்ணிக்கையை வச்சு உணவும் மருந்தும் குறைவா அனுப்பப்பட்டதுன்னு ஐ.நா. நிபுணர் குழு 2011ல எழுதிச்சு. இதுக்கு மேல எனக்கு எழுத வரல.

சரி, ஊருக்கு வர்றேன். எதிர்கரைக்குக் கலக் கணக்கு இருக்கு, நம்ம கரைக்கு? இது உடையார்பாளையம், அரியலூர் பாளையக்காரர் சீமை. பாளையக்காரர் நவாபுக்குக் கட்டினது பேஷ்குஷ், அதாவது மொத்தமா ஒரு தொகை. களத்துல எத்தனை கலம் தூத்தினாங்கங்கறது அந்தக் கணக்குக்குத் தேவையே இல்ல. 1765 ஜனவரி 3ஆம் தேதி நவாபோட மகன் உம்தத்-உல்-உமராவும் டொனால்ட் கேம்ப்பெல்லும் அரியலூருக்குள்ள நுழைஞ்சாங்க. 19ஆம் தேதி படை உடையார்பாளையத்து மேல போச்சு. பாளையக்காரங்க தரங்கம்பாடிக்கு ஓடினாங்க. தேதி எல்லாம் துல்லியமா இருக்கு. அந்தத் தேதியைத்தான் பாருங்களேன், பொங்கலுக்கு முன்ன பின்ன! சம்பா களத்துக்கு வர்ற நேரம். அந்த வருஷம் எங்க ஊர்ல யார் வீட்டுல பொங்கல் பொங்குச்சுன்னு எந்த ரெக்கார்டும் சொல்லாது.

இதைவிடப் பெரிய சேதம் ஒண்ணு கண்ணுக்கு முன்னாடியே கிடக்கு. ராஜேந்திர சோழன் கங்கை வெற்றிக்காக வெட்டின சோழகங்கம், நம்ம பொன்னேரி. 1855ல வந்த ஒரு கெஜட்டியர் அதோட கரை 16 மைல், கொள்ளிடத்துல இருந்து வந்த வாய்க்கால் 60 மைலுக்கு மேலன்னு அளவு போட்டுட்டு, ஏரிக்குள்ள காடு மண்டிக் கிடக்குன்னும் எழுதியிருக்கு. படையெடுத்து வந்த ஒரு சேனை வேணும்னே அழிச்சதா செவிவழிச் சேதி இருக்குன்னும் சொல்லுது. எந்த சேனைன்னு பேர் இல்ல. (கங்கைகொண்ட சோழபுரம் கோயில் மதில் கல்லைப் பேத்து 1836ல அணைக்கரை கட்டின கதை தனிப் பதிவு போடற அளவுக்கு இருக்கு.)

ஒருதடவை ஊருக்குப் போனப்ப அந்தக் கரையில பைக்கை நிறுத்திட்டு நின்னேன். ஆடு மேய்ச்சுட்டிருந்த பெரியவர்கிட்ட, "இந்தக் கரை எதுவரைக்கும் போவுதுங்கய்யா?"ன்னு கேட்டேன்.

"அது போவுது தம்பி. ஆடு போற வரைக்கும்தான் எனக்குத் தெரியும்"னார்.