ஜெர்டன் கல்குருவியின் வாழிட நிலப்படமாக்கம்

ஜெர்டன் கல்குருவியின் வாழிட நிலப்படமாக்கம் என்பது, மிக அருகிய இனமான ஜெர்டன் கல்குருவி வாழத்தக்க புதர்க்காடுகளைச் செயற்கைக்கோள் படங்கள், புவியியல் தகவல் முறைமை ஆகியவற்றின் துணையுடன் கண்டறிந்து வரைபடமாக்கும் பணியாகும். இது ஆந்திரப் பிரதேசத்தின் கடப்பை மாவட்டப் பகுதியில் மேற்கொள்ளப்பட்டது.

பின்னணி

தாமஸ் ஜெர்டன் கண்டறிந்த இப்பறவை, 1848 இல் அறிவியல் முறைப்படி விவரிக்கப்பட்டது. 1900 க்குப் பின்னர் பதிவுகள் இல்லாமையால் அற்றுப்போனதாகக் கருதப்பட்டது. 1986 இல் பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்தைச் சேர்ந்த பாரத் பூஷண் இதனை மீண்டும் கண்டறிந்தார். அதன் பின்னர் ஸ்ரீலங்கமல்லேஸ்வர வனவிலங்குச் சரணாலயம் அமைக்கப்பட்டது. எனினும், இரவில் இயங்கும் இப்பறவையை நேரில் காண்பது அரிது. எனவே, எந்த நிலத்தைக் காக்க வேண்டும் என்பதே முதற் சிக்கலாக இருந்தது.

முறை

2000 களின் தொடக்கத்தில், இக்கழகமும் பிரித்தானிய ஆய்வாளர்களும் இணைந்து இச்சிக்கலை ஆராய்ந்தனர். புதர்களுக்கிடையே நுண்மண் பரப்பிய பட்டைகள் அமைக்கப்பட்டன. அவற்றில் பதிந்த காலடித் தடங்களைக் கொண்டு பறவையின் நடமாட்டம் அறியப்பட்டது. அவ்விடங்களின் புதர்ச் செறிவும் அளக்கப்பட்டது. ஓர் எக்டேரில் 2 மீட்டருக்கு மேல் உயர்ந்த புதர்கள் 300 முதல் 700 வரையும், சிறு புதர்கள் 1000 க்குக் குறைவாகவும் உள்ள இடங்களிலேயே இப்பறவை இருக்க வாய்ப்பு மிகுதி எனத் தெரியவந்தது. இத்தகைய புதர்க்காடு செயற்கைக்கோள் படத்தில் எவ்வாறு தோன்றுகிறது என்பதை அடிப்படையாகக் கொண்டு, நேரில் ஆராயப்படாத பகுதிகளிலும் வாழத்தக்க இடங்கள் மதிப்பிடப்பட்டன.

பயன்கள்

வெவ்வேறு ஆண்டுகளில் எடுக்கப்பட்ட படங்களை ஒப்பிட்டபோது, புதர்க்காடுகள் விளைநிலங்களாக மாறி வந்தமை புலப்பட்டது. சென்னைக்குக் கிருஷ்ணா நீரைக் கொண்டுவரும் தெலுங்கு கங்கைத் திட்டத்தின் கால்வாய்ப் பணி, 2005 இல் உரிய அனுமதியின்றிச் சரணாலயப் பகுதிக்குள் நுழைந்து வாழிடத்தைச் சேதப்படுத்தியது. பணி நிறுத்தப்பட்டு, பின்னர் பறவையின் வாழிடத்தைத் தவிர்க்கும் வகையில் கால்வாயின் பாதை மாற்றப்பட்டது. எந்த இடம் பறவைக்கு இன்றியமையாதது என்பது நிலப்படத்தில் குறிக்கப்பட்டிருந்தால்தான் இத்தகைய மாற்றுப் பாதையைத் திட்டமிட இயலும்.

வரம்புகள்

இந்நிலப்படம் பறவை வாழத்தக்க இடங்களையே காட்டும். அங்கு பறவை உள்ளதை உறுதி செய்யாது. அதற்குக் களஆய்வு தேவை. மேய்ச்சல், விறகு வெட்டுதல் ஆகியவற்றால் புதர்ச் செறிவு மாறிக்கொண்டே இருப்பதால், நிலப்படத்தையும் அவ்வப்போது புதுப்பிக்க வேண்டும்.