மழபாடிக்கு நாலு கட்டம்: ஸ்டோரிபோர்டும் சோழர் சுவரும்

ஒரு சீனை எடுப்பதற்கு முன்னாடியே ஷாட் ஷாட்டாகப் படம் போட்டுப் பார்ப்பதுதான் ஸ்டோரிபோர்டு. 1930களின் தொடக்கத்தில் வால்ட் டிஸ்னி ஸ்டுடியோவில் இது ஒரு முறையாக உருவானது. தனித்தனித் தாளில் வரைந்து பலகையில் குத்தி வைப்பார்கள். கதை எங்கேயாவது இடறினா, தாளை எடுத்து இடம் மாத்திக்கலாம். நம் நாட்டில் சத்யஜித் ராய், ‘பதேர் பாஞ்சாலி’யை (1955) முழுத் திரைக்கதை இல்லாமல், மையால் வரைந்த படங்களையும் குறிப்புகளையும் வைத்தே எடுத்தார்.

ராய் தேர்ந்த ஓவியர், நமக்கு வரைய வராதேன்னு தோணலாம். குச்சி மனிதனே போதுங்க. எந்தக் கணத்தை வரைவது, எதை விடுவது என்பதுதான் கேள்வி.

அதற்கு ஆயிரம் வருஷத்துப் பதில் ஒன்று திருமானூரிலிருந்து கொள்ளிடம் தாண்டினால் இருக்கிறது. தஞ்சைப் பெரிய கோயிலின் உள்சுற்றில், நாயக்கர் கால ஓவியத்துக்கு அடியில் மறைந்திருந்த சோழர் ஓவியத்தை 1931இல் எஸ்.கே. கோவிந்தசாமி கண்டறிந்தார். அதில் ஒரு சுவர் சுந்தரர் கதை. கல்யாணச் சமையல், ஓலையோடு வந்து வழக்காடும் கிழவர், கூடியிருக்கும் சபை. மேலே வெள்ளை யானையில் சுந்தரர், குதிரையில் சேரமான், அதற்கும் மேலே கயிலை. வழக்கிலிருந்து நேரே கடைசிப் பயணத்துக்குத் தாவிவிட்டார் ஓவியர். நடுவில் சுந்தரர் ஊர் ஊராகப் போய்ப் பாடியதை விட்டுவிட்டார்.

அந்த விட்ட பகுதியில் நம்ம பக்கத்துக் கதை ஒண்ணு இருக்கு. திருவாலம்பொழிலில் தூங்கிய சுந்தரரின் கனவில் சிவன் வந்து, மழபாடிக்கு வர மறந்துவிட்டாயா என்று கேட்கிறார். விழித்தவர் ஆற்றைக் கடந்து திருமழபாடி வந்து பாடுகிறார். பெரிய புராணம் சொல்லும் கதை இது.

இதை நாலு கட்டமாகப் போட்டுப் பாருங்க: தூங்கும் முகம், திறந்த கண், ஆறு, கோயில் வாசல். சிவனை வரையணுமா? வரைந்தால் பார்ப்பவர் கண் சிவன்மேல் போய்விடும். குரலை மட்டும் விட்டால், ‘மறந்துட்டோமே’ங்கிற பதைப்பு அந்தத் திறந்த கண்ணில் தெரியும். கதையே அந்தப் பதைப்புதான்.

இன்னொண்ணு, திசை. ஆற்றில் இடமிருந்து வலமாக நடந்தவர் கோயிலுக்கும் இடமிருந்து வலமாகவே வரணும். மாறினால் திரும்பிப் போவது மாதிரி தெரியும். கேமராவை எந்தக் கரையில் வைத்தால் மின்கம்பமும் பாலமும் விழாது என்பதையும் மூணாவது கட்டம் வரையும்போதே முடிவு பண்ணிடலாம். படப்பிடிப்பு அன்னைக்கு, வெயில் ஏறின பிறகு, ஆத்து மணலில் நின்னு யோசிக்க வேண்டியதில்லை.